அப்பா தண்ணீர் குடிக்காத வீடு

1. வேலையிடத்தில் பழகிய கிரேக்கப் பொறியியலாளனைக் கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.
2. அப்பா "பாப்பம்" என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
3. அவனுடைய பெற்றோர் கிரேக்கத்திலிருந்து, நாங்கள் இருக்கும் ஒஸ்லோவுக்கு வந்தார்கள்.
4. அப்பா, அம்மா, நான் மூவரும் மோர்டென்ஸ்ருட்டில் ரயிலேறி அவன் வீட்டுக்குப் போனோம்.
5. வாசலிலேயே அவனுடைய அப்பா என் அப்பாவைக் கட்டிப்பிடித்து, "சிம்பெத்தெரே!" என்றார்.

ஐந்தாவதில் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும். வீட்டில் சொன்ன பயத்தில் அந்த வாரமே அவர்களுடைய உறவுமுறைச் சொற்களையெல்லாம் தேடிப் படித்திருந்தேன். மணமகளுக்கும் மருமகளுக்கும் அவர்களிடம் ஒரே சொல். மருமகனுக்கான சொல் கல்யாணம் என்பதிலிருந்து வந்தது. மாமனாருக்கான சொல், கட்டுவது என்ற பொருளுள்ள மிகப் பழைய வேரிலிருந்து. வடமொழி வழியாக நமக்கு வந்த பந்தமும் அதே வேர்தான். அந்த மாமனார் சொல்லின் முன் 'கூட' என்ற ஒட்டைச் சேர்த்து அவர் சொன்னது, சம்பந்தி.

மேசை நிறையச் சாப்பாடு. அப்பா தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் எங்கள் ஆட்கள் கை நனைப்பதில்லை. அவனுடைய அம்மா தட்டை அப்பா பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள். பிறகு அவனிடம் கிரேக்கத்தில் ஏதோ கேட்டாள்.

"எங்கள் வீட்டுச் சாப்பாடு அவருக்கு அருவருப்பா என்று கேட்கிறாள்," என்றான் அவன், நோர்வேஜியனில்.

காரணத்தைச் சொன்னால், இன்னும் சம்மதமில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதாகும். சொல்லாவிட்டால் அவமதிப்பு.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அந்த மனிசன் வாசலிலை என்னை என்னெண்டு கூப்பிட்டவர்?"

"சம்பந்தி எண்டு, அப்பா. அவையின்ரை சொல்லும் கட்டுறதிலை இருந்துதான் வந்தது. எங்கடை சொல் மாதிரித்தான்."

"நான் ஓம் எண்டு சொல்ல முன்னமே கட்டிப்போட்டாரோ?"

"நீங்கள் ஓம் சொல்லுறதுக்குள்ளை பிள்ளைக்கு நரைச்சிடும்," என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. அவனுடைய அம்மாவின் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்தார். கோப்பையை எடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு வைத்தார்.

நான் அவர்களுக்குக் காரணத்தைச் சொன்னேன். அவனுடைய அப்பா மீதித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரும் சனிக்கிழமை அவர்களை அப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார். ஓம் என்று இன்னும் சொல்லவில்லை.