தவராசா அண்ணைக்கு எத்தினையாம் கட்டம்?

சத்திரசிகிச்சைக் கிளினிக்கில வேலை செய்யிற தாதியிட்ட ஆக்கள் மருந்து கேக்கிறதிலும் பாக்க, "எத்தினையாம் கட்டம்?" எண்டு கேக்கிறதுதான் கூட. வவுனியாவில நான் இந்த வேலைக்கு வந்து பதினொரு வருசம். அந்தக் கேள்விக்கு உடன பதில் சொன்ன நாள் ஒண்டுகூட இல்லை. கிளினிக் கொப்பியை மடியில வைச்சுக்கொண்டு, வாங்கில குந்தியிருந்து முதுகு நொந்த ஆக்கள் உங்களுக்குள்ளயும் இருப்பியள். உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். ஒரு மனுசன்ர வருத்தத்தின்ர கட்டத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு இது.

சீனி போடாத தேத்தண்ணி

தவராசா அண்ணை விசுவமடுவில நெல் விதைக்கிறவர். வயசு அறுபத்தொண்டு. மூண்டு மாதமாச் சாப்பாடு இறங்காமல், சேட்டு ரெண்டு ஆள் போடுற மாதிரித் தொங்கத் தொங்க வந்தார். வயித்துக்குள்ள கமரா விட்டுப் பாக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். "முதல்நாள் ராத்திரியில இருந்து சாப்பிடவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்" எண்டு நான் ரெண்டு தரம் சொல்லி அனுப்பினனான்.

சொன்ன நாள் காலமை முதல் பஸ்ஸில பெண்சாதி பூமணி அக்காவோட வந்திறங்கினார். ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சத்தியம் பண்ணாத குறை. கமரா உள்ளுக்க போனா, வயித்துக்க மண்ணிறத்தில தண்ணி தளம்புது! டொக்டர் என்னைப் பாத்தார், நான் அண்ணையைப் பாத்தன். எனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்கிறது. பிறகு வாறதுக்கு நாள் குறிச்சுக் குடுத்துக்கொண்டே நல்லாப் பேசிப்போட்டன். அவர் எல்லாத்தையும் கேட்டிட்டு, "தேத்தண்ணி சாப்பாட்டுக்க வருமோ பிள்ளை? சீனிகூடப் போடேல்லையே" எண்டார்.

வரம்பில நிண்டு பாக்கிறது

அடுத்த கிழமை உண்மையாவே வெறு வயித்தோட வந்தார். வயித்தின்ர கீழ்ப்பக்கம் ஒரு புண். டொக்டர் அதில சின்னச் சின்னத் துண்டாக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறுமொழி புற்றுநோய் எண்டு வந்துது. பூமணி அக்கா சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. அண்ணைதான் கேட்டார், எத்தினையாம் கட்டம் எண்டு.

டொக்டர் ஒரு கடதாசியில வயிறு கீறிக் காட்டினார். மூண்டு விசயம் பாக்கவேணும். வயித்துச் சுவருக்க எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு, பக்கத்து நெறிகளுக்க, அதுதான் நிணநீர் முடிச்சுகளுக்க, போயிட்டுதோ, ஈரல், குடலுகளைச் சுத்தி மூடின சவ்வு எண்டு வேற இடத்துக்குப் பரவிட்டுதோ. முதல் ரெண்டும் இருந்தாலும் அனேகமா வெட்டி எடுத்துப் பாக்கலாம். மூண்டாவது எண்டா வெட்டிப் பிரயோசனமில்லை. புண்ணைக் கண்டதை வைச்சு இது ஒண்டும் சொல்லேலாது, ஸ்கான் எடுக்கவேணும் எண்டார். அண்ணை அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "வெள்ளாமை எண்டா கதிர் வெளிய வராத குடலையோ, வந்த கதிரோ எண்டு நான் வரம்பில நிண்டே சொல்லுவன். உங்களுக்கு உள்ளுக்க போய்ப் பாத்தும் தெரியேல்லையோ, டொக்டர்?"

"இல்லை எண்டு எழுதுங்கோ"

சி.ரி. ஸ்கானுக்கு முதல் ஒரு படிவம் நிரப்பவேணும். ஒவ்வாமை இருக்கோ, சீனி வருத்தம் இருக்கோ, உடம்புக்க இரும்பு ஏதும் இருக்கோ. நான் வாசிக்க வாசிக்க அண்ணை எல்லாத்துக்கும் "இல்லை எண்டு எழுதுங்கோ" எண்டார். எழுதினன்.

படத்தில ஈரலுக்குப் பக்கத்தில ஒரு துண்டு வெள்ளை வெளேரெண்டு மின்னுது. இரும்புதான், ஆருக்கும் தெரியும். ஆனா அந்த மினுக்கத்தில சுத்திவர எல்லாம் கலங்கிப்போய், அதோட ஒரு கட்டி மாதிரியும் தெரியுது. பரவின புற்றோ, பழைய காயத்தின்ர தழும்போ, படத்தை வைச்சுச் சொல்லேலாது எண்டிட்டார் ஸ்கான் டொக்டர். அந்த ஒரு கட்டியிலதான் இரண்டாம் கட்டமோ நாலாம் கட்டமோ எண்டு நிக்குது. எனக்கு வந்துதே ஒரு கோவம்! "ஏன் அண்ணை ஒளிச்சனீங்கள்?" எண்டு கேட்டன். அவர் சேட்டைத் தூக்கினார். விலாவுக்குக் கீழ கட்டைவிரல் அகலத்தில ஒரு தழும்பு. சண்டை நேரம் இடம்பெயர்ந்து உடையார்கட்டில இருக்கேக்க விழுந்த செல்லின்ர பீஸ், இரும்புத் துண்டு. என்ர வலது கெண்டைக்காலுக்கையும் ஒண்டு கிடக்கு. வேலைக்குச் சேரேக்க மருத்துவப் படிவத்தில நானும் "இல்லை" எண்டுதான் எழுதினனான். அண்ணை சேட்டை இறக்கிவிட்டிட்டு மெல்லமாச் சொன்னார்: "இருக்கெண்டா எங்க பட்டது, ஆரோட நிண்டனி எண்டு ஆமிக்காரர் கேப்பாங்கள். இல்லையெண்டா ஒரு கேள்வியோட முடியும், பிள்ளை."

குழாயடியில

இனி மயக்கிப்போட்டு, வயித்தில சின்ன ஓட்டை போட்டு, நேர கமராவால பாத்தாத்தான் தெரியும் எண்டு டொக்டர் நாள் குடுத்தார். அண்டைக்கு அண்ணை என்னை ஒரு கரைக்குக் கூப்பிட்டார். "மோசமெண்டா என்னட்ட மட்டும் சொல்லுங்கோ பிள்ளை. அவா தாங்கமாட்டா."

பத்து நிமிசம் ஆகேல்லை, தண்ணிப் போத்தல் நிரப்புற சாட்டில பூமணி அக்கா குழாயடியில என்ர கையைப் பிடிச்சா. கேட்டதும் அதே விசயம்தான், ஆள் மட்டும் மாறி. புருசன் இப்பதான் கேட்டிட்டுப் போறார் எண்டு நான் எப்பிடிச் சொல்ல? பிறகு மருந்து அறைக்குள்ள போய் அழுதன், அதில எனக்கு வெக்கமில்லை. அக்காவின்ர குரல் காதுக்க நிண்டுது: "முப்பத்தெட்டு வருசத்தில அவருக்கு ஒண்டும் ஒளிச்சதில்லை. இதை மட்டும் ஒளிக்க விடு, பிள்ளை."

ரெண்டு பேருக்கும் ஒண்டா

கமரா விட்டுப் பாத்த அண்டு டொக்டர், "பாக்கத் தழும்பு மாதிரித்தான் கிடக்கு. ஆனா கண்ணை நம்பேலாது" எண்டார். கட்டியில ஒரு துண்டும், வயித்துக்க விட்டுக் கழுவி எடுத்த தண்ணியும் சோதனைக்குப் போச்சு. மறுமொழி வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் எனக்கும் சோறு இறங்கேல்லை.

வந்த கடதாசியை டொக்டர் வாசிச்ச உடன, ரெண்டு பேரையும் ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில இருத்தி, டொக்டரைக்கொண்டு ஒண்டாச் சொல்லவைச்சன். கட்டியில புற்றில்லை. தண்ணியிலயும் இல்லை. இரும்பைச் சுத்தித் தசை தடிச்சுக் கிடக்கு, அவ்வளவுதான். "இப்போதைக்கு இரண்டாம் கட்டம் மாதிரித் தெரியுது. வெட்டி எடுத்து, நெறிகளையும் சோதிச்சாப் பிறகுதான் முடிவாச் சொல்லலாம். முதல் மருந்து ஏத்துவம், பிறகு வெட்டுவம்" எண்டார் டொக்டர். தவராசா அண்ணை முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பூமணி அக்கா அவரின்ர சேட்டுக்கு மேலால அந்த விலாவில கையை வைச்சா, சிரிச்சா, பிறகு வாய்விட்டு அழுதா. "இது அந்த நாசமறுந்த பீஸ்தான் எண்டு கேட்டு நான் கையெடுத்துக் கும்பிடுவன் எண்டு ஆர் பிள்ளை கண்டது?"

கட்டத்தைக் கண்டுபிடிக்கிறது டொக்டர்மாரின்ர வேலை, சனம் ஒளிக்கிறதைக் கண்டுபிடிக்கிறதுதான் எங்கட வேலை, அதுக்குத்தான் இன்னும் ஒரு மெசினும் வந்து சேரேல்லை.