அந்தி சாய்ந்தால் அணையும் பெட்டி

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரில் அவளைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் சின்ன வயதிலேயே துருவி என்று ஆகிவிட்டது. பால் ஏன் பொங்குகிறது, பக்கத்து வீட்டுக் கதவு ஏன் மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறது என்று கேட்டுக் கேட்டு அம்மாவின் உயிரை எடுத்திருக்கிறாள். இன்று அவளுக்குச் சோறு போடுவது அந்தக் குணம்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கேமரா விற்கிற ஒரு கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக் காவலுக்கு வைக்கிற கேமராக்களும், அவற்றின் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டியும் அங்கே விற்றார்கள். கெட்டுப்போனது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இவள் சும்மா இருக்கமாட்டாமல் கேள்வி கேட்பாள். "எப்போ நின்னுச்சு? அந்த நேரம் வீட்ல வேற என்ன ஓடிட்டிருந்தது? பிளக்கை யாராவது மாத்தினீங்களா?" கேட்டுக்கொண்டே கடையில் இருக்கிற நல்ல அடாப்டரைச் செருகிப் பார்ப்பாள். அநேகமாகப் பெட்டி உயிர்த்துவிடும். "பெட்டி செத்துப்போச்சுன்னு சொல்றாங்கண்ணா. பாவம், அது பட்டினி கிடக்குது, அவ்வளவுதான்" என்று ராத்திரி சாப்பிடும்போது எனக்குச் சொல்வாள். கொஞ்ச நாளில் கடைக்காரரே அவளை வீடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். பிறகு தனியாகவே தொழில் செய்யத் தொடங்கிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் ஏணி ஏறிச் சம்பாதித்த முதல் பெண் அவள். நான் மூத்தவன், இஸ்திரிக்கடை வைத்திருக்கிறேன். துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

அவள் வேலை செய்கிற விதத்தை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். வழக்கமாக ஏணி பிடிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று என்னைக் கூட்டிப்போனாள்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் வீடு அது. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். ஒரே மகள் தூரத்து நகரத்தில் வேலை பார்த்தாள். சில மாதங்களுக்கு முன்பு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு விலகி, பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் மகள் வீட்டில் கேமரா வைத்தாள். வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று. அங்கிருந்தபடியே கைபேசியில் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். இப்போது அந்தப் படம் அடிக்கடி அற்றுப்போகிறது என்பதுதான் புகார்.

கதவைத் திறந்த பெரியவர் என்னைத்தான் பார்த்தார். "வாங்க, மெக்கானிக் நீங்கதானா?"

"நான் ஏணி பிடிக்கிற ஆளுங்க. மெக்கானிக் பின்னாடி வருது."

"வருதா? வராங்கன்னு சொல்லு" என்று முதுகில் ஒரு குத்து விட்டாள் துருவி.

பெரியவர் சிரித்தார். கைத்தடியை ஊன்றிக் கூடத்துக்கு நடந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அம்மாடி, இதை எப்படியாவது சரி பண்ணிக் கொடு. நான்தான் வேணும்னே நிறுத்துறேன்னு என் பொண்ணு நெனைக்குது. இந்த வாரம் சரியாகலேன்னா ஞாயித்துக்கிழமை வந்து வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிட்டுப் போயிடுமாம். அது இருக்குறது எத்தனையாவது மாடியோ, ஜன்னல்ல பாத்தா எதிர் வீட்டு ஜன்னல். அங்க போய் நான் என்ன பண்ணுவேன்?"

"எப்ப அணையுது, ஐயா?"

"பொழுது சாஞ்சா. விட்டு விட்டு அணையும், திரும்ப வரும். விடிஞ்சா சாதுவா ஆயிடும்."

"மழை வந்தா? மோட்டார் போட்டா?"

"அதெல்லாம் இல்ல. பொழுதுதான் கணக்கு."

துருவி பெட்டியைத் திறக்கவில்லை. அது கூடத்து அலமாரியில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே, பின்பக்கம்வரை தொங்க, ஒரு துண்டு நான்காக மடித்துப் போர்த்தியிருந்தது. அதை எடுத்துவிட்டு, பின்னால் கையை விட்டு அடாப்டரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவது போலத்தான் இருந்தது. பிறகு முகர்ந்தாள். பிறகு பிளக்கை லேசாக ஆட்டினாள். பெட்டியின் விளக்கு அசையாமல் எரிந்தது.

"ஐயா, இந்தத் துண்டு எதுக்கு?"

"தூசி படக்கூடாதுல்ல? பஸ்ல இஞ்சின் மூடி மேலயும் போட்டிருப்பேன். முப்பது வருஷப் பழக்கம்."

"இந்த அடாப்டர் பெட்டியோட வந்ததா?"

பெரியவர் தலையைச் சொறிந்தார். முதலில் வந்தது கொள்ளிக்கட்டை மாதிரிச் சுட்டதாம். வீடு பற்றிக்கொள்ளும் என்று பயந்து கழற்றி அலமாரியிலேயே வைத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரை எடுத்து மாட்டியிருக்கிறார். "ரெண்டுலயும் பன்னெண்டுன்னுதான் போட்டிருந்துச்சு. பிளக்கும் கச்சிதமா சேந்துது. ஒரு மாசம் ஆகுது."

"படம் அணைய ஆரம்பிச்சு?"

"அதுவும் ஒரு மாசம்..." என்று இழுத்தவர், அடாப்டரைப் பார்த்தார்.

துருவி அந்த அடாப்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட்டுக்குச் சொச்சம் காட்டியது. "பாருங்க, நான் சொல்லல?" என்றார் பெரியவர்.

"சும்மா இருக்கும்போது சரியாத்தான் காட்டும். வேலை கொடுத்துப் பாக்கணும்." மறுபடி மாட்டி, பெட்டி ஓடும்போதே அளக்கிற மாதிரி மீட்டரை வைத்தாள். என்னைப் பார்த்தாள். "அண்ணா, உன் கடைத் துணி ஏதாவது வண்டியில இருக்கா? கறுப்பா, தடியா."

கோட்டுகள் இருந்தன. எடுத்து வந்தேன். கேமராக்கள் ஒவ்வொன்றையும் மூடச் சொன்னாள். ஏணியை நகர்த்தி நகர்த்தி வாடிக்கையாளரின் கோட்டைச் சுருக்கம் விழாமல் மாட்டுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. வாசல் கேமராவை மூடியதும் கோட்டின் இடுக்கு வழியே அதன் முகத்தில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. இருட்டிவிட்டது என்று நினைத்து அது தன்னுடைய இரவு விளக்கைப் போட்டுக்கொண்டதாம். மீட்டரில் எண் இறங்கியது. கூடத்துக் கேமரா, இன்னும் இறங்கியது. அடுக்களைக் கேமராவை மூடினேன். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். இத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்தது அடங்கியது. விளக்கு போய்விட்டது.

"ஐயா, நட்ட நடுப்பகல்ல பொழுது சாஞ்சிருச்சு" என்றாள் துருவி.

பெரியவருக்கு விளங்கவில்லை. அவள் அவருக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பகல்ல உங்க பஸ் காலியா ஓடுது. சாயங்காலம் நாலு கேமராவும் லைட்டைப் போடுது. பஸ் நெரம்பிடுது. ஒரே அடாப்டர்தான் பெட்டியையும் இழுக்கணும், நாலு கேமராவையும் இழுக்கணும். மேட்டுல ஏற முடியல, நின்னுடுது. நின்னதும் எல்லாரும் எறங்கிடறாங்க, திரும்ப ஸ்டார்ட் ஆகுது. மறுபடி ஏறுறாங்க."

"அப்ப நான் வேன் இஞ்சினைக் கொண்டுவந்து பஸ்ஸுக்கு மாட்டியிருக்கேன்!"

"ரெண்டும் டீசல்தானேன்னு பாத்திருக்கீங்க. பன்னெண்டு வோல்ட் ரெண்டுக்கும் ஒண்ணு. ஆம்பியர் பாருங்க, இதுல ரெண்டு, பெட்டியோட வந்ததுல அஞ்சு."

"என் சர்வீஸ்ல ஒரு வண்டி மேட்டுல நின்னதில்ல. வீட்டுக்குள்ள நின்னுடுச்சே!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

பெட்டியோடு வந்த அடாப்டர் சுட்டதற்குக் காரணம் துண்டுதான் என்றாள். காற்றுப் போகாமல் வெந்திருக்கிறது. இன்னும் ஓடும், ஆனாலும் ஒருமுறை அப்படிச் சுட்டதை நம்பி வைக்க அவளுக்கு மனமில்லை. பையிலிருந்து அதே அளவில் புதியதை எடுத்தாள். அலமாரிக்கு வெளியே, காற்றுப் படுகிற இடத்தில், சுவரோடு சேர்த்துப் பொருத்தினாள். நான்கு கேமராக்களையும் ஒன்றாக மூடிப் பார்த்தோம். பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. மீட்டரில் எண் கொஞ்சம்கூட நகரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோட்டுகளை மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வேலை முடிந்தது என்று நான் ஏணியை மடக்கினேன். துருவி மட்டும் சுவரில் இருந்த சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அலமாரியைச் சுற்றி எங்கும் தூசி படிந்திருந்தது. அந்த ஒரு சுவிட்ச் மட்டும் பளபளவென்று இருந்தது.

"ஐயா, சாயங்காலம் மட்டும்தான் அணையுதா?"

பெரியவர் கைத்தடியின் பிடியைத் திருகினார். "உனக்குக் கண்ணா அது?" என்றார் கடைசியில். "காலையிலே கொஞ்ச நேரம் நான் நிறுத்துவேம்மா."

டாக்டர் தடி இல்லாமல் நடந்து பழகச் சொல்லியிருக்கிறார். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடப்பார். திரும்புகிற இடத்தில் தள்ளாடும். தள்ளாடினால் போதும், உடனே கைபேசி அடிக்கும். மகள். "என்னப்பா, உக்காருங்க, ஏன் தடியை விட்டீங்க?" என்று அழுகிற குரலில். "அது போன் பண்றதாலதான் எனக்குத் தூக்கிவாரிப் போடுது. போனை எடுக்க ஓடித்தான் ஒருநாள் விழப் பாத்தேன். சொன்னா மனசு நோகும். அதான் நிறுத்திட்டு நடக்கிறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மாடி, எல்லாம் அந்த அடாப்டராலதான்னு சொல்லிடேன். பாதி உண்மைதானே?"

பாவமாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். துருவி அவர் அருகில் குனிந்தாள்.

"நாளைக்குக் காலையில திரும்ப அணைஞ்சா? புது அடாப்டர் போட்டும் அணையுதுன்னா அவங்க உங்களையும் நம்பமாட்டாங்க, என்னையும் நம்பமாட்டாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்துடுவாங்க. நீங்களே சொல்லுங்க ஐயா. நான் பக்கத்துல இருக்கேன்."

"அது அழுமே."

"அழட்டும். பொய் தெரிஞ்சு உங்களைக் கூட்டிட்டுப் போறதைவிட அது தேவலை."

கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தாள். மகள் எடுத்ததும் துருவி அடாப்டர் சங்கதியைச் சுருக்கமாகச் சொன்னாள். மகளுக்கு நிம்மதி. பிறகு அவளே கேட்டாள், "ஏங்க, காலையிலயும் போகுதே? காலையில ஏது இருட்டு?"

துருவி கைபேசியைப் பெரியவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் சொன்னார். இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அப்ப நான் உங்களைப் பாக்குறது தொந்தரவா அப்பா?"

"பாக்குறது இல்லம்மா. கூப்பிடறதுதான்."

"நீங்க தரையில கிடந்த அன்னைக்கு எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லப்பா."

"எனக்கும்தான்."

மகள் அழுகிறாள் என்பது தெரிந்தது. துருவி எழுந்துபோய், கூடத்துக் கேமரா எங்கே பார்க்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

மகள்தான் பேசினாள். "இப்ப நடங்க. நான் பாக்கறேன். வாயே திறக்கமாட்டேன்."

பெரியவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். சுவரைத் தொட்டுவிட்டு நடந்தார். நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே போகப் பார்த்தேன். துருவி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். எதிர்ச் சுவரை அடைந்து திரும்பும்போது இடது கால் மடங்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. கைபேசியில் 'ஹக்' என்று மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் சுவரில் உள்ளங்கையை ஊன்றினார், நின்றார், காலை நேராக்கினார். மறுபடி நடந்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். வியர்த்துவிட்டது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"பேசவே இல்லியே?"

"நாக்கைக் கடிச்சுட்டேன். ரத்தமே வந்திருக்கும்." சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. "தினம் நடங்க. சுவிட்சை மட்டும் தொடாதீங்க. நான் கூப்பிடமாட்டேன். விழுந்தா மட்டும் கூப்பிடுவேன்."

"விழுந்தா எப்படிடி போனை எடுப்பேன்?"

"அப்ப பால்காரரைக் கூப்பிடறேன்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டார். கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. வருகிறேன், ஆனால் பூட்டுக்கு வேலை இல்லை, நடந்து காட்டுங்கள், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றாள் மகள்.

துருவி மீட்டரின் ஒயர்களைச் சுற்றிப் பையில் வைத்தாள். பெரியவர் துண்டை எடுத்து, பழக்கதோஷத்தில் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஐயா!" என்றாள் துருவி.

அவர் துண்டால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களை வாசல்வரை வழியனுப்ப எழுந்தார்.