பேஸ் பெட்டிக்கு எந்தப் பஞ்சு

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய சிநேகிதன் முனிராஜின் மனைவி கலா, பழைய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கினாள். "பொண்ணுக்குக் காது குத்தறோம்ணா. அதுக்குள்ள இதைப் பாட வச்சுக் குடுங்க. அவரு லோடோட நாக்பூர் போயிருக்காரு. வந்ததும் போட்டுக் காட்டணும், சொல்லிறாதீங்க" என்றாள். பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. காரிமங்கலத்தில் நானும் முனிராஜும் அறுத்து ஒட்டியது. ஒரு மூலை கோணலாக இருக்கும். அந்தக் கோணல் என் கைவண்ணம்.

உங்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டோ என்னவோ, எங்களுக்கு இருந்தது. அப்போது இருவரும் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தோம். ஊரெல்லாம் ஓட்டை வைத்த பெட்டி செய்து தொம் தொம் என்று அதிரவிட, நாங்கள் மட்டும் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டிதான் உசத்தி என்று சண்டை போடுவோம். அடைத்த பெட்டியில் ஒரு வம்பு உண்டு. உள்ளே எதையாவது திணித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கத்துச் சத்தம் பலகையில் மோதித் திரும்பி, வெறுங்குடத்தைத் தட்டினாற்போலக் கேட்கும். அளவுக்கு மீறித் திணித்தால் பேஸ் மூச்சுமுட்டிப் போகும். எதைத் திணிப்பது, எவ்வளவு திணிப்பது என்று பேசியே டீக்கடை பெஞ்சைத் தேய்த்தோம்.

முதலில் இலவம்பஞ்சு போட்டுப் பார்த்தோம். கொட்டைகள் உள்ளே கிடந்து கிடுகிடுத்தன. பஞ்சு கொஞ்ச நாளில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு நான் எங்கிருந்தோ கண்ணாடிப் பஞ்சு கொண்டுவந்தேன். உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே ரேடியோ ரிப்பேர் செய்தோம். கடைசியில் மெத்தைக் கடை பாயிடம் போனோம்.

"தலைகாணிக்கா, மெத்தைக்கா?"

"ஸ்பீக்கர் பொட்டிக்குங்க பாய்."

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டு படுத்துத் தூங்கறதுக்கா?" என்றவர், தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சை ஒரு பை நிறையக் கொடுத்தார். பிய்த்தால் புசுபுசுவென்று விரிந்தது. இதுதான் என்று முடிவு செய்தோம்.

ஸ்பீக்கரை வாங்கிவந்தது முனிராஜின் அண்ணன் கோவிந்தன். லாரி ஓட்டினார். பெங்களூர் போன நடையில் தேடிப் பிடித்துத் தம்பிக்காகக் கொண்டுவந்தார். "பொட்டிய எப்படா முடிப்பீங்க? எனக்குக் கண்ணாலம் ஆயி புள்ள பொறந்தப்பறமா?" என்று கடைக்கு வரும்போதெல்லாம் கேலி செய்வார்.

பெட்டி முடிவதற்கு முன் தொப்பூர் கணவாயில் அவருடைய லாரி கவிழ்ந்தது. காலையில் எங்களோடு டீ குடித்துவிட்டுப் போனவர். எங்கள் பக்கத்தில் இறந்தவர் உடுத்திய துணியை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். காரியம் முடிந்த கையோடு மூட்டை கட்டி ஏரிப் பக்கம் போட்டுவிடுவார்கள். அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவன் முனிராஜ்தான்.

பிறகு அவன் தனியாகவே பெட்டியை முடித்தான். சுற்றிலும் பசை வைத்து, ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தான். பாட்டுப் போட்டால் பேஸ் அமுங்கிக் கேட்டது.

"பஞ்ச அதிகமா திணிச்சுட்டடா. பொட்டியத் தொற, கொஞ்சம் எடுத்துறலாம்."

"வேணாம். எனக்கு இது போதும்" என்றான்.

துக்கத்தில் இருக்கிறவனிடம் பஞ்சு விவகாரம் பேசுவானேன் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அவனும் லாரிக்கே போய்விட்டான்.

கலா போனதும் பசையைக் கத்தியால் கீறி ஸ்பீக்கரை வெளியே எடுத்தேன். பீடியும் டீசலும் கலந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே பஞ்சே இல்லை. பழைய சட்டைகளையும் ஒரு லுங்கியையும் சுருட்டிச் சுருட்டித் திணித்திருந்தான். பெரிய நிபுணன் போல அத்தனை வாதம் செய்துவிட்டு, கடையில் கை துடைக்கும் கந்தலைப் போட்டு அடைத்திருக்கிறானே என்று வாய்விட்டுச் சிரித்தேன். "துணி கெட்டியாத்தான் இருக்குது. தொவைச்சா தொடைக்க ஆவும்" என்று என் மனைவி அள்ளிக்கொண்டு போனாள்.

நான் ஸ்பீக்கரின் நைந்த விளிம்பை மாற்றி, புதுப் பஞ்சை உதறிப் போட்டு மூடினேன். பேஸ் கும்மென்று எழுந்தது. கலாவின் ரகசியம் அதற்கு மேல் என் வாயில் நிற்கவில்லை. போன் போட்டேன்.

"ஏன்டா, பாய் குடுத்த பஞ்சு என்னடா ஆச்சு? பழந்துணியத் திணிச்சு இத்தன வருசம் என்னை ஏமாத்திட்டியே."

அந்தப் பக்கம் இன்ஜினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"பொட்டியத் தொறந்துட்டியா?"

"கலாதான் ரிப்பேருக்குக் கொண்டாந்துச்சு."

"சட்டையெல்லாம் எங்க?" என்றவன், என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பின்னால என்னமோ சுத்துதே. வாஷிங் மெஷினாடா?"

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நுரையில் ஒரு சட்டைக் கை சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணனோடதுடா" என்றான் முனிராஜ். "ஏரில போட மனசு வரல. வூட்ல வச்சா ஆத்தா விடாது. அண்ணன் வாசம் போயிரக் கூடாதுன்னுதான் அப்பிடி அடைச்சேன்."

ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். தண்ணீர் வடியும்வரை கதவு திறக்கவில்லை. இழுத்தேன், தட்டினேன், என்னவென்று கேட்ட மனைவியை விலக்கிவிட்டு மறுபடி இழுத்தேன். திறந்ததும் ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். காலரில், அக்குளில், பையின் மடிப்பில். எல்லாவற்றிலும் சோப்புத்தூள் வாசம்தான் இருந்தது.

"ஏதாச்சும் இருக்குதாடா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தான்.