கம்புக்குக் கொடுத்த கை

கராத்தேயில் மஞ்சள் பெல்ட் வாங்கிய திமிரோடு நான் மறுபடியும் சிலம்பத்துக்குத் திரும்பியபோது எனக்குப் பத்து வயது. முன்பு இரண்டு வருடம் அக்காவுக்கு ஜோடியாகக் கம்பு சுற்றியவள்தான். வெள்ளை உடுப்பின் மேல் ஆசைப்பட்டு, போடியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த கராத்தே வகுப்புக்குத் தாவினேன். ஒரே வருடத்தில் அந்த மாஸ்டர் ஊரை விட்டுப் போய்விட்டார், வகுப்பும் நின்றது. சிலம்பத்துக்கு ஏதோ உபகாரம் செய்கிறவளைப் போலத் திரும்பிவந்தேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேனியில் போட்டி. அதில் ஜெயித்துச் சான்றிதழ் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜில் இடம் கிடைக்கும் என்று அதையே நம்பிக்கொண்டிருந்தாள். "வெரசா வாடி, ஆசான் வர்றதுக்குள்ள ரெண்டு ஆட்டம் போட்டுருவோம்" என்று வறண்டு கிடந்த கண்மாய்க்குள் கூட்டிப்போனாள். ஆசான் இல்லாமல் எதிரெதிரே நின்று ஆடக் கூடாது என்பது அங்கே சட்டம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டுதான் கம்பை எடுத்தோம்.

நாலு வீச்சு நன்றாகத்தான் போனது. ஐந்தாவதாகத் தலைக்கு ஒரு வெட்டு இறங்கியது. இரண்டு கையாலும் கம்பைக் குறுக்கே பிடித்துத் தாங்க வேண்டும். எத்தனையோ முறை தாங்கியிருக்கிறேன். அன்று என் வலது கை கம்பை விட்டுவிட்டு, தானாக மடங்கி நெற்றிக்கு மேலே போய் நின்றது. ஒரு வருடமாகக் குத்தைத் தடுத்துத் தடுத்துப் பழகிய கை. நான் தாங்குவேன் என்று நம்பி இறக்கிய கம்பை அக்காவால் நிறுத்த முடியவில்லை.

முருங்கைக் கொப்பு முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மணிக்கட்டுக்கு மேலே, மடங்கக் கூடாத இடத்தில் கை மடங்கியிருந்தது. அது என் கைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகைகூட வரவில்லை. அக்காதான் அலறினாள்.

அப்பா மலையில் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தகவல் தெரிந்ததும் கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பாயில் கிடந்த என் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"உன்னைய விட்டுட்டுக் கராத்தேக்குப் போயிட்டாளேன்னு ஒரு வருசமா வஞ்சம் வச்சு அடிச்சிருக்க."

"அவதான் கையக் குடுத்துட்டாப்பா."

"கம்புக்கு எவளாச்சும் கையக் குடுப்பாளா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவைப் பற்றி அப்படி ஒரு பேச்சு எங்கள் வீட்டிலேயே புறப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. கையைக் கொடுத்தது நான்தான். ஆனால் மஞ்சள் பெல்ட்காரிக்குக் கம்பு பிடிக்க மறந்துபோனதை எந்த வாயால் சொல்வது? வெட்கத்தில் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தேன். போட்டிக்கெல்லாம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் அப்பா அக்காவின் கம்பை எடுத்து கொல்லையில் அவரைக்கொடிப் பந்தலுக்கு முட்டுக்கொடுத்தார்.

அம்மா விடிந்ததும் ஏலக்காய் பொறுக்கும் சோலிக்குப் போய்விடுவாள். அந்த வாரம் முழுக்க அக்காதான் எனக்குத் தலைசீவிவிட்டு, சோறு ஊட்டினாள். ஊட்டும்போதெல்லாம் மெதுவாக ஒன்றையே கேட்டாள்.

"அப்பாட்ட எதுவும் சொன்னியாடி?"

ஆசான் இல்லாமல் ஆடியதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். போட்டிக்கு முந்தின நாள் மத்தியானமும் கேட்டாள்.

"சத்தியமா ஒண்ணுமே சொல்லலக்கா. சொல்லவும் மாட்டேன்" என்றேன் பெருமையாக.

அவள் பந்தலுக்கு முட்டாக நின்ற தன் கம்பை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்ட நிம்மதியில், நான் இன்னொரு அப்பளம் கேட்டேன்.