எங்கள் அலுவலக நோயாளி

எங்கள் அலுவலகத்தில் ஒரு இயக்குநர் மாறுதலாகிப் போகும்போது புதியவரிடம் மூன்றை ஒப்படைப்பார்: பீரோ சாவி, ஜீப், நோயாளி. முதல் இரண்டும் அடிக்கடி மக்கர் பண்ணும். நோயாளி மட்டும் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விழாவுக்குக்கூட லீவு போட்டதில்லை.

நோயாளி என்று நான் சொல்வது எங்கள் அலுவலக உதவியாளரை. கோப்பு தூக்குவார், டீ வாங்கி வருவார், ஜன்னல் கம்பியில் துடைக்கும் துணியைக் காயப்போடுவார். அவருக்கு எச்.ஐ.வி. கிடையாது. சளி பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் எய்ட்ஸ் விழிப்புணர்வு அலுவலகம் என்று அவ்வளவு பெரிய பலகை மாட்டிவிட்டு, மேடையில் காட்ட ஒரு நோயாளி இல்லையென்றால் எப்படி?

நான் பிரசுரப் பிரிவு. துண்டறிக்கை, சுவரொட்டி, மேடைப் பேச்சு எல்லாம் என் திருக்கரத்தால் நடப்பவை. தொட்டால் பரவாது, கட்டிப்பிடித்தால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, கொசு கடித்தால் பரவாது. பதினெட்டு வருஷமாக இதையே எழுதுகிறேன்.

முதலில் நிஜ நோயாளி ஒருவர்தான் மேடைக்கு வந்தார். அப்போதிருந்த இயக்குநர் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட வேண்டும், போட்டோக்காரர் அதை எடுக்க வேண்டும், பத்திரிகையில் வர வேண்டும் என்பது திட்டம். தட்டு வந்தது. சோறு வந்தது. இயக்குநருக்கு மட்டும் திடீரென்று வயிறு சரியில்லாமல் போய்விட்டது. வந்தவர் பத்து நிமிஷம் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பத்து நிமிஷம் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், தரையை.

அடுத்த விழாவுக்கு இயக்குநரே வழி கண்டுபிடித்தார். உதவியாளர் பிறவி ஒல்லி. கன்னம் ஒட்டியிருக்கும், கண் உள்ளே போயிருக்கும். "பார்த்தா அப்படியே இருக்காரே!" என்றார். ஆயிற்று, நியமனம். கதை எழுதும் பொறுப்பு எனக்கு. ஒரு வருஷம் லாரி ஓட்டினார், ஒரு வருஷம் ரத்தம் ஏற்றிக்கொண்டார், ஒரு வருஷம் போதை ஊசி போட்டுக்கொண்டார். எந்த வருஷம் எதைப் பற்றி மேலிடத்து உத்தரவோ அந்த வழியில் அவருக்கு நோய் வரும். மனுஷன் வசனத்தை அட்சரம் பிசகாமல் பேசி, சரியான இடத்தில் கண் கலங்குவார். இயக்குநர் அவர் தோளில் கைபோட்டு, ஒரே தட்டில் ஒரு வாய் சாப்பிடுவார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. ஒவ்வொரு விழாவுக்கும் முன்பு அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும். இல்லை என்ற சான்று வந்து, இயக்குநர் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேடையில் அவர் நோயாளி ஆகலாம்.

நிஜமானவர்கள் முன்வராமல் இல்லை. பக்கத்துத் தெருவில் சலவைக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். கணவர் வழியாக வந்த நோய். கணவர் போய்விட்டார், இந்த அம்மா பதினைந்து வருஷமாக மாத்திரை தவறாமல் சாப்பிட்டு, கனமான இஸ்திரிப் பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, ஜம்மென்று இருக்கிறார். வருஷா வருஷம் வந்து, "எனக்கு மேடையில அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று கேட்பார். இப்போதைய இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன்.

"உங்களைப் பார்த்தா நோயாளி மாதிரியே இல்லையேம்மா. ஜனங்க நம்ப மாட்டாங்க."

இத்தனை நாளும் பத்திரிகைப் படங்களில் உதவியாளரின் கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அதனால் அவர் வீட்டுக்கு இந்தக் கதை தெரியாது. வெளியூர் டியூட்டி என்று சொல்லிவிட்டுப் போவார், வருவார். இந்த வருஷம் இயக்குநர் மூன்று நாள் பயிலரங்கம் ஒன்றுக்குப் போய்வந்தார். ஞானம் பிறந்துவிட்டது. "முகத்தை மறைக்கிறதே ஒரு களங்கம்தான். பட்டையை எடுங்க!" என்றார். சுவரொட்டி தயாரித்தது நான். இருப்பதிலேயே நல்ல படமாகப் பார்த்து, பளிச்சென்று போட்டு, மேலே 'இவரும் நம்மில் ஒருவர்' என்று எழுதினேன். தலைப்பு நன்றாக வந்திருப்பதாக எனக்கு ஒரு பெருமை வேறு.

ஊர் முழுக்க ஒட்டினார்கள். ஒன்றை, அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் ஒட்டினார்கள்.

மறுநாள் அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். டீ வாங்கப் போகும் கூஜா கையில் இருந்தது.

"மேடம், கல்யாணத்தை நிறுத்திடுவாங்க போலிருக்கு. என் பொண்ணுக்கும் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. சம்சாரம் என்கிட்ட பேசறதையே விட்டுட்டா."

"நோய் இல்லைங்கிற சர்ட்டிபிகேட்தான் வருஷா வருஷம் இருக்கே அண்ணே. காட்டுங்க."

"காட்டினேன். இது உங்க ஆபீஸ்லயே குடுத்ததுதானேங்கறாங்க."

இயக்குநரிடம் போனோம். இவர் எங்கள் ஊழியர், மேடையில் நடித்தார், அவ்வளவுதான் என்று இரண்டு வரிக் கடிதம் போதும் என்றேன். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார்.

"கடிதமா? அப்ப பன்னிரண்டு வருஷப் படமும் பொய்னு நானே எழுதிக் குடுக்கணுமா? யோசிச்சுப் பேசுங்க. ஒண்ணு செய்யலாம். ஒன்றாம் தேதி விழாவுக்கு மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிட்டு வாங்க. மேடையிலயே நான் பக்குவமா சொல்லிடறேன்."

உதவியாளர் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினார். வீட்டில் மகள் மட்டும் அவரோடு பேசினாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், "ஒருநாள் வந்து கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தார். கெஞ்சியதைச் சொல்லும்போது மேடையில் கலங்குவது போல அவர் கண் கலங்கவில்லை. வறண்டுதான் இருந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

டிசம்பர் ஒன்று, உலக எய்ட்ஸ் தினம். மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் மகள், அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அப்பா அம்மா. கடைசி வரிசையில் சலவைக் கடை அம்மா. ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைப் பொருள் தீர்ந்துபோய்விட்டதால் உதவியாளரின் அறிக்கை அன்று காலையில்தான் வந்தது. அவரே போய் வாங்கினார். உறை அவர் சட்டைப்பையில் இருந்தது. இயக்குநர் அவசரத்தில், "எல்லாம் வழக்கம்போலத்தானே?" என்று கேட்டார். அவர் தலையை ஆட்டினார்.

இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார். ஒதுக்கிவைப்பது பாவம் என்றார். அன்புதான் மருந்து என்றார். பக்குவமாகச் சொல்வதாக வாக்களித்த விஷயம் மட்டும் வரவே இல்லை. வரும் வரும் என்று உதவியாளர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தது. தட்டு வந்தது. இயக்குநர் உதவியாளரின் தோளில் கையைப் போட்டு, சோற்றை எடுத்து, போட்டோக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

உதவியாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். ரிசல்ட் இன்னைக்குத்தான் வந்துச்சு. இந்தத் தடவை நிஜமாவே இருக்காம்."

சோறு இயக்குநரின் வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் நின்றது. தோளில் கிடந்த கை தானாக இறங்கியது. எடுத்த சோற்றை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "எனக்கு... காலையிலேர்ந்தே வயிறு சரியில்ல" என்றார். பன்னிரண்டு வருஷமாக எங்கள் அலுவலகத்தில் ஜீப் மாறியிருக்கிறது, இயக்குநர்கள் மாறியிருக்கிறார்கள், இந்த வயிறு மட்டும் மாறவில்லை.

சிரிக்க எனக்கு அருகதை இல்லை. நான் தட்டுக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது என்று லட்சம் பிரதி அச்சடித்தவள். என் கால் ஒரு அடி பின்னால் போனது. நானே கவனித்தேன்.

கீழே மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எழுந்தார்கள். பையனும் எழுந்தான். மகள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் போனான்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து சலவைக் கடை அம்மா நடந்து வந்தார். மேடை ஏறி, இயக்குநருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இயக்குநர் ஏற்கனவே எழுந்து கைகழுவப் போயிருந்ததால் இடம் காலியாகத்தான் இருந்தது.

"பன்னிரண்டு வருஷமா எங்க பங்கையும் சேர்த்து நீங்களே சாப்பிட்டீங்க. இன்னைக்காவது ஒரு வாய் குடுங்க" என்றார்.

உதவியாளர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் மைக் அவர் முன்னால்தான் இருந்தது. "எனக்கு இல்லைம்மா. சும்மா சொன்னேன்."

"தெரியும். நோயாளி யாரு, நடிகர் யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? எனக்கு இருக்கு. இப்ப நீங்க சாப்பிடுவீங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது: எத்தனையோ மேடையில் அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர், நோயுள்ள ஒருவரோடு ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அவர் தட்டைப் பார்த்தார். நான் எழுதிய வசனம் எதுவும் அப்போது அவருக்கு உதவியதாகத் தெரியவில்லை. பிறகு தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார். அடுத்ததை அதே தட்டிலிருந்து தான் சாப்பிட்டார். மகள் மேடைக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

போட்டோக்காரர் என்னைப் பார்த்தார், எடுக்கலாமா என்று. "எடுங்க" என்றேன்.

"மேடம், நீங்களும் வாங்க" என்றார் உதவியாளர். போனேன். தட்டுக்கு ஒரு அடி முன்னால் கால் தயங்கியது. பொய் சொல்ல மாட்டேன். அந்த அம்மா நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

வெளியே வந்த பிறகு கேட்டேன், "ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க? இல்லைன்னு சொல்லத்தானே இவ்வளவு பாடு?"

"சொல்லுவார்னு கடைசி வரைக்கும் காத்திருந்தேன் மேடம். சொல்லலை. அப்ப தோணிச்சு. நோய் இல்லைன்னா யாரும் நல்லாத்தான் இருப்பாங்க. இருந்தா எப்படி இருப்பாங்கன்னு தெரியாம எம்பொண்ணை அந்த வீட்டுக்கு அனுப்பறதா?"

விஷயம் ஊரெல்லாம் பரவ ஒரு ராத்திரி போதுமாயிருந்தது. அவருக்கு நோய் இல்லை, எல்லாம் நடிப்பு என்று தெரிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா காலையிலேயே போன் செய்தார். குரலில் தேன் வழிந்ததாம். "நல்லவேளை, ஒண்ணுமில்லையாமே! எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். தேதி பார்த்துடலாமா?"

போனை எடுத்தது மகள்.

"இல்லைங்க, வேண்டாம். அப்பா நேத்து டெஸ்ட் எடுத்தது அவருக்கு இல்ல, உங்களுக்கு. ரிசல்ட் வந்துடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.