போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் உள்ள ஒரு பயண முகவர் கடையில் கொழும்புக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. யூலை வந்தால் எங்கள் சனம் எல்லாம் புறப்படும். என்னுடைய அகதிப் பயணப் பத்திரத்திலோ இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் போகலாம் என்று அடித்திருக்கிறது. எனக்கு வேறு எந்த நாட்டுக்குப் போக வேண்டிக் கிடக்கிறது? பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும்வரை, மற்றவர்கள் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று சொல்லிக்கொண்டு வயிறெரிய வேண்டியதுதான்.

போன வருடம் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர் வந்தார். வடக்கில் புது வீதி, புது ரயில், எல்லா இனத்தவரும் ஒற்றுமை என்று ஒரு பத்திரிகை எழுதுகிறதாம். இராணுவம் இன்னும் சனங்களின் காணிகளில் இருக்கிறது என்று இன்னொன்று எழுதுகிறதாம். எது உண்மை என்று கேட்டார். அகதி அந்தஸ்துக் கேட்டபோது ஒரு பதில் சொன்னவன் நான். டிக்கெட் விற்கிறவனுக்கு இன்னொரு பதில் தேவை. முதலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் உண்மை, போய்ப் பாருங்கள் என்றேன்.

யாழ்ப்பாணத்தில் என் அண்ணை சுற்றுலாப் பயணிகளுக்கு வான் வண்டி ஓட்டுகிறார். அவருடைய நம்பரைக் கொடுத்து, எங்கள் வீடிருந்த வளவை மட்டும் வீடியோ எடுத்து வரும்படி கெஞ்சினேன். வீடு தரைமட்டம், ஆனால் காணியை ஆமி விட்டுவிட்டது, கிணறும் இறைத்தாயிற்று என்று அண்ணை போனில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த அம்மா பூரித்துப்போய்த் திரும்பி வந்தார். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த சிங்களக் குடும்பங்களோடு கடலில் குளித்தாராம், முஸ்லிம் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டாராம். பத்திரிகைகள் சும்மா பயமுறுத்துகின்றன என்றார். நான் வீடியோவைப் பார்த்தேன்.

வெள்ளையடித்த கிணறு. அண்ணை ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எங்களுடையது பங்குக் கிணறு. பக்கத்து வீட்டாருக்கும் எங்களுக்கும் பாதிப் பாதி. வேலி இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக் கட்டில் முட்டி நிற்கும். வீடியோவில் இருந்த கிணறு யாரோ ஒருவர் வீட்டில் சமைக்கிற குசினிக்குப் பின்னால் தனியே நின்றது. அப்படியென்றால் எங்கள் காணி இன்னும் ஆமியின் கம்பிவேலிக்குள்தான். நான் உடைந்துபோவேன் என்று அண்ணை பொய் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு நான் எதையும் விளக்கவில்லை. அவர் பார்த்ததும் பொய்யில்லையே.

பின்னேரம் அண்ணை போன் எடுத்தார்.

“வீடியோ பாத்தியோ?”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தண்ணீர் வேண்டும்போல் நெஞ்சு தவித்தது.

“பாத்தனான். ஆரின்ரை கிணறெண்டாலும் பரவாயில்லை அண்ணை. நான் வந்தா அதிலை ஒரு வாளி அள்ளித் தாங்கோ.”

அண்ணை, “அது உவர்த் தண்ணியடா. எங்கடை மாதிரி வராது,” என்றார்.