வெளியாளுக்குத்தான் மேடம்

என் வீட்டுக்காரர் திருமயத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் சார்தான், மேடம்தான். ஆட்டைப் பத்திவிட்டுக் கையில் கம்போடு வந்து நிற்கிற பொம்பளையைக்கூட "வாங்க மேடம், உக்காருங்க, ப்ளீஸ்" என்பார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று அந்தப் பொம்பளை பின்னால் திரும்பிப் பார்க்கும். வேலை முடியாவிட்டாலும், "சாரி மேடம், திங்கக்கெழம வாங்க" என்று அவர் சொல்கிற தினுசில் வந்தவர்கள் வையாமல் போவார்கள். பொன்னமராவதியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், "அந்த மரியாதக்கார சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்களாம்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் நான் ஏய். "ஏய், தண்ணி." "ஏய், துண்டு எங்க?" அவ்வளவுதான். தேங்க்ஸும் சாரியும் எங்கள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. செருப்பைப் போல அதையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சோறு போட்ட பெண்டாட்டிக்கு ஒருத்தன் தேங்க்ஸ் சொன்னால், அந்த வீட்டில் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள்.

ஆனால் எனக்கு வாய் நீளம், சும்மா இருப்பேனா? ஒரு நாள் மீமிசலிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா வாசலில் கூடையை இறக்கியது. இவர் "குட் மார்னிங் மேடம்" என்று அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதே மூச்சில் என்னைப் பார்த்து, "ஏய், சட்டிய எடுத்துட்டு வா" என்றார். வந்ததே எனக்கு ஒரு கோபம்!

"அடி ஆத்தாடி! ஊர்ல இருக்குற பொம்பளையெல்லாம் மேடம், ஒங்களுக்கு ஆக்கிப் போடுறவ மட்டும் ஏயா? ஒரு நாளைக்கு என்னையும் மேடம்னு கூப்புட்டா வாயில இருக்குற முத்து உதிந்துருமோ?"

மீன்கார அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "போடி கிறுக்கச்சி. அதெல்லாம் வெளியாளுக்கு. ஒனக்கு எதுக்கு?"

அன்றைக்குக் குழம்பில் அவர் தட்டுக்கு வால் துண்டாகப் பார்த்துப் போட்டேன். அதையும் ருசித்துத் தின்றுவிட்டுப் போனார்.

ரிட்டயர் ஆகிச் சில வருசத்தில் அவருக்கு மறதி வந்தது. வயசானால் யாருக்குத்தான் வராது என்று இருந்தேன். ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போனவரை ஆட்டோக்காரத் தம்பி கூட்டிவந்து விட்டு, "சாருக்கு வீடு தெரியலம்மா, கோட்டைக்கிட்ட நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றபோதுதான் இது வெறும் வயசு மறதி இல்லை என்று புரிந்தது. புதுக்கோட்டை டாக்டர், "ஞாபகம் கொஞ்சங் கொஞ்சமாப் போயிரும், திரும்பாது. பாத்துக்கங்கம்மா" என்றார்.

டாக்டர் சொன்னபடியே போனது. தெரு போனது, கூட வேலை பார்த்தவர்கள் போனார்கள். துபாயில் இருக்கிற மகன் வீடியோவில் கூப்பிட்டபோது, "குட் மார்னிங் சார், என்ன விசயமா வந்தீங்க?" என்று கேட்டார். அவன் முகத்தை மூடிக்கொண்டு போனை வைத்துவிட்டான். பெற்ற பிள்ளையையே மறக்கிறாரே, நாளைக்கு என்னையும் மறந்துவிடுவாரோ என்று அன்றிலிருந்து எனக்கு அதே பயம். கண் முழித்ததும் "ஏய்" என்று சத்தம் வருகிறதா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வந்துவிட்டால் போதும், அன்றையப் பொழுது எனக்கு ஓடிவிடும்.

ஒரு நாள் காலையில் காப்பியை நீட்டினேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தேங்க்ஸ் மேடம்."

கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். "அட! தொரைக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்? எத்தன வருசமா கேட்டேன்!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அது கவுண்டரில் சிரிக்கிற சிரிப்பு.

"ஒக்காருங்க மேடம். எங்க இருந்து வாரீங்க? சாப்ட்டீங்களா?"

நான் சாப்பிட்டேனா என்று அந்த மனுசன் அதுவரை ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நான் மேடம்தான். குளிப்பாட்டிவிட்டால் "சாரி மேடம், ஒங்களுக்குச் சிரமம்." போர்வையை இழுத்துவிட்டால் "ரொம்ப தேங்க்ஸ்." பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நீ குடுத்து வச்சவ. இந்த நெலமையிலயும் என்னா மரியாத!" என்றாள். "அந்த மரியாதைய நீயே ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. யாருக்கு வேண்டும் அது?

போன வாரம் மத்தியானம் மீன் குழம்பு. முள் எடுத்து எடுத்து அவர் தட்டில் வைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தேங்க்ஸ். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஒரே ஒரு தடவ என்னைய ஏய்னு கூப்புடுங்களேன்."

பதறிப் போனார். "ஐயய்யோ, என்ன மேடம் இப்புடிச் சொல்றீங்க! என் வீட்டுக்காரிய மட்டுந்தான் அப்புடிக் கூப்புடுவேன். ஒங்களப் போயி..."

"அவங்க எங்க?" என்றேன்.

"இங்கிட்டுத்தான் இருப்பா. கொஞ்சம் கோவக்காரி. ஆனா ஒரு சத்தம் குடுத்தா ஓடியாந்துருவா."

சொல்லிவிட்டு, எனக்கு நிரூபித்துக் காட்டுகிற மாதிரி, அடுப்படிப் பக்கம் கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தார். "ஏய்!"

பழைய அதட்டல், அப்படியே. காத்திருந்தார். அடுப்படியில் யாரும் இல்லை. அவர் முகம் கொஞ்சங் கொஞ்சமாக வாடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குள் போய், சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்தா வாரேங்க" என்றேன்.

"பாத்தீங்களா மேடம்?" என்று அங்கே அவர் என் காலி நாற்காலியிடம் சொன்னார்.